மகள் அனுப்பிய ஐந்து டப்பாக்கள்: எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது?

கேள்வி: எனக்கு வயது 56. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் 1000 காலையும் இரவும் போடுகிறேன். தைராய்டுக்கு 100 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று. அசதி, முடி கொட்டுகிறது என்று போனில் புலம்பினேன். அமெரிக்காவில் இருக்கும் மகள் ஐந்து டப்பா அனுப்பிவிட்டாள்: 50 வயது தாண்டிய பெண்களுக்கான மல்டிவிட்டமின், பயோட்டின் 10,000 மைக்ரோகிராம், கால்சியம் டி3, மீன் எண்ணெய், மஞ்சள் கேப்ஸ்யூல். மறந்துவிடுவேன் என்பதால் காலையில் தைராய்டு மாத்திரையோடு எல்லாவற்றையும் சேர்த்தே போட்டுக்கொள்கிறேன். நான்கு மாதமாகிறது. போன மாதம் ரத்தம் கொடுத்ததில் தைராய்டு அதிகமாகிவிட்டது என்று மாத்திரையை 75 ஆகக் குறைத்தார்கள். அசதி கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. உள்ளங்கால் மதமதவென்று இருக்கிறது. முட்டி வலிக்குப் போன வருடம் எழுதிக்கொடுத்த டி3 பாக்கெட் பவுடரையும் வாராவாரம் விடாமல் குடிக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு பெண் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார், மாதம் 2,800 ரூபாய். வாங்கலாமா? என் கணவருக்கு 63 வயது, இதய வால்வு மாற்றியவர், அசிட்ரோம் சாப்பிடுகிறார். இரண்டு வாரமாக என் மல்டிவிட்டமினையும் மஞ்சளையும் அவருக்கும் கொடுக்கிறேன். மருமகள் குழந்தைக்கு முயற்சி செய்கிறாள், அவளுக்கும் இதில் ஏதாவது தரலாமா? சத்து மாத்திரைதானே, கெடுதல் ஒன்றும் வராதே?

பதில் (பொது மருத்துவர், புதுச்சேரி):

வணக்கம் அம்மா. நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கணவருக்கு மல்டிவிட்டமினும் மஞ்சள் கேப்ஸ்யூலும் இன்றோடு போதும். அசிட்ரோமை மட்டும் ஒரு வேளைகூட விட வேண்டாம். அந்த மருந்து உடலில் விட்டமின் கே வேலை செய்வதைத் தடுத்துத்தான் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது. மல்டிவிட்டமின் பலவற்றில் விட்டமின் கே இருக்கும். அது அசிட்ரோமின் வேலையைக் குறைக்கும், வால்வில் ரத்தக்கட்டி சேர இடம் கொடுக்கும். மஞ்சள் சாறு கேப்ஸ்யூல் நேர்மாறாக ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று கணக்குப் போட முடியாது. நிறுத்தினாலும் ரத்தம் உறையும் அளவு மாறும் என்பதால் இந்த வாரமே ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்த்துவிடுங்கள், எதை எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதையும் இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், திடீரென வாய் குழறுவது, கை கால் பலமிழப்பது, இதில் எது தெரிந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான். இன்னொன்று, அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் கீரையே தொடக்கூடாது என்று பலர் பயந்துபோய் இருக்கிறார்கள். தொடலாம். வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் போதும்.

இனி உங்கள் விஷயம். ஐந்து டப்பாவில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பயோட்டின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும், முட்டை, வேர்க்கடலை, பருப்பு சாப்பிடுகிற வீட்டில் அது தானாகவே கிடைத்துவிடும். நீங்கள் சாப்பிடுவது 10,000, அதாவது தேவையைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல். மிச்சம் சிறுநீரில் போய்விடும், அதனால் உடம்புக்கு விஷமில்லை என்று கடையில் சொல்வார்கள். உடம்பை விடுங்கள், ரத்தப் பரிசோதனையை அது ஏமாற்றுகிறது. பல லேப்களில் தைராய்டு பார்க்கும் ரசாயன முறையே பயோட்டினை ஒட்டுப்பொருளாக வைத்துத்தான் நடக்கிறது. ரத்தத்தில் பயோட்டின் வழிந்துகொண்டிருந்தால் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு கூடினால் இது இறங்கும்) பொய்யாகக் குறைவாகவும், டி4 (தைராய்டு ஹார்மோன்) பொய்யாகக் கூடுதலாகவும் காட்டும். ரிப்போர்ட்டைப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் தைராய்டு மாத்திரை அதிகமாகிவிட்டது என்றுதான் தோன்றும், டோஸைக் குறைப்பார்.

உங்களுக்கு இப்படித்தான் நடந்திருக்கிறது என்று ரத்தம் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். எல்லா லேப்பிலும் இந்தக் கோளாறு வருவதில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசை அப்படியே பொருந்துகிறது: முடிக்காகப் பயோட்டின், பயோட்டினால் கோணலான ரிப்போர்ட், ரிப்போர்ட்டை நம்பிக் குறைத்த மாத்திரை, மாத்திரை குறைந்ததால் கூடிய அசதி. தைராய்டு குறைந்தால் முடி இன்னும் கொட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயோட்டினை இன்றே நிறுத்துங்கள். ஒரு வாரம் கழித்து டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும் பாருங்கள், ரிப்போர்ட்டோடு அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். டோஸை நீங்களாகவே மறுபடி 100 ஆக்கிவிட வேண்டாம். அவர் மாற்றினால், மாற்றிய ஆறு முதல் எட்டு வாரத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கும், தைராய்டு நிதானமாகத்தான் அசையும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-லேயே இந்தப் பயோட்டின் குழப்பத்தைப் பற்றி எச்சரித்தது. அதில் நம் ஊர் சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதேபோல் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும். நெஞ்சுவலியோடு போய், ஒன்றுமில்லை என்று திரும்பி வருவது எவ்வளவு ஆபத்து என்று நான் விளக்க வேண்டியதில்லை. முடிக்கு என்று விற்கும் கம்மி மிட்டாய்களிலும் இதே பயோட்டின்தான். குறைபாடே இல்லாதவருக்கு அதனால் முடி வளர்கிறது என்பதற்கு உருப்படியான சான்றும் கிடையாது.

அடுத்தது கால்சியம். அதில் தப்பில்லை, போடும் நேரத்தில்தான் தப்பு. தைராய்டு மாத்திரையோடு கால்சியமோ இரும்போ சேர்ந்தால் இரண்டும் வயிற்றிலேயே பிணைந்துகொண்டு தைராய்டு மருந்து ரத்தத்துக்குள் ஏறாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மல்டிவிட்டமினில் கால்சியம், துத்தநாகம், மக்னீசியம் எல்லாம் கலந்திருப்பதால் அதற்கும் இதே விதிதான். எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை மட்டும். காபிக்கு முக்கால் மணியாவது போகட்டும். கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

மாத்திரை வேண்டுமா என்பதையும் சாப்பாட்டைக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஒரு டம்ளர் பால் ஏறக்குறைய 240. கேழ்வரகு மாவு 100 கிராமில் 350 ஒட்டி வரும், ஆனால் சர்க்கரைக்காரர்கள் கேழ்வரகு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைத்துக் கூழை சொம்பு சொம்பாகக் குடிக்கக்கூடாது, அதுவும் சர்க்கரையை ஏற்றும். நீங்கள் மீன் சாப்பிடுகிறவராக இருந்தால் முள்ளோடு மென்று தின்னும் நெத்திலிக்கு ஈடில்லை. முருங்கைக்கீரை, எள், மோர் எல்லாம் சேர்ந்தால் பாதிக்கு மேல் வந்துவிடும். மிச்சத்துக்குத்தான் மாத்திரை. லேபிளில் கால்சியம் கார்பனேட் 1,250 என்று போட்டிருந்தால் உண்மையில் உடலுக்குக் கிடைக்கும் கால்சியம் 500 தான். ஒரே நேரத்தில் அதற்கு மேல் போட்டாலும் குடல் சரியாக உறிஞ்சாது.

டி3 பவுடர். இதைப் படித்ததும் கொஞ்சம் திக்கென்றது. அந்தப் பாக்கெட் ஒன்றில் 60,000 யூனிட். குறைபாடு உள்ளவருக்கு வாரம் ஒன்று என வழக்கமாக எட்டு வாரம் எழுதுவோம், பிறகு மாதம் ஒன்று, அல்லது நிறுத்தம். உங்களிடம் எத்தனை வாரம் என்று யாரும் அழுத்திச் சொல்லியிருக்க மாட்டார்கள், மெடிக்கலில் கேட்டதும் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். வாரம் 60,000 என்றால் நாளொன்றுக்கு 8,500 யூனிட்டுக்கு மேல். நீண்ட நாளைக்குத் தாங்கும் உச்ச அளவு 4,000. மகள் அனுப்பிய கால்சியம் மாத்திரையிலும் மல்டிவிட்டமினிலும் இருக்கும் டி3 இதற்கு மேல். விட்டமின் டி கொழுப்பில் தங்கிவிடும், பயோட்டின் மாதிரி சிறுநீரில் போகாது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்: தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், அசதி, முற்றினால் சிறுநீரகக் கல்லும் சிறுநீரகச் சேதமும். தாகமும் சிறுநீரும் சர்க்கரையின் அடையாளங்களும் ஆயிற்றே, அதனால் வீட்டில் யாரும் கவனிக்கவே மாட்டார்கள். பவுடரை நிறுத்துங்கள். ரத்தத்தில் கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), விட்டமின் டி மூன்றும் பார்த்து ரிப்போர்ட் வரும்வரை கால்சியம் மாத்திரையும் வேண்டாம்.

வெயிலில் தாராளமாகக் கிடைக்கும் விட்டமினுக்கு கடலூரில் ஏன் இத்தனை பாக்கெட் விற்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சில்வர் பீச்சில் விடிகாலை ஐந்தரைக்கு நடக்கிறவர்களைப் பார்க்கிறேன். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அருமையான பழக்கம். விட்டமின் டி மட்டும் அந்த நேரத்தில் சுரக்காது. தோலில் அதை உண்டாக்கும் புற ஊதாக் கதிர் சூரியன் உயர ஏறிய பிறகுதான் வரும், பதினொரு மணி வாக்கில் மொட்டை மாடியில் துணி காயப்போடும் கால் மணி நேரம் அதற்குப் பொருத்தமானது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலுக்கு அந்த வேலை தெரியாது.

இத்தனையையும் சாப்பிடுகிற உங்களுக்கு உண்மையிலேயே எது குறைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றால், பி12. அதைத்தான் யாரும் பார்க்கவில்லை. மெட்ஃபார்மின் நல்ல மருந்து, நானும் தினமும் எழுதுகிறேன். ஆனால் வருடக்கணக்கில், அதுவும் நாளைக்கு இரண்டு கிராம் சாப்பிடும்போது, குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறைகிறது. உள்ளங்கால் மதமதப்பு, அசதி, மறதி, நாக்கு எரிச்சல் எல்லாம் அதன் அறிகுறிகள். சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பும் இதே மாதிரிதான் இருக்கும் என்பதால் சர்க்கரைக் காலென்று சொல்லி விட்டுவிடுகிறோம். சர்க்கரையால் வந்த மதமதப்பு திரும்புவது கடினம். பி12 குறைவால் வந்ததை நேரத்தோடு பிடித்தால் திருப்ப முடியும். மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டாம். பயோட்டின் விட்டு ஒரு வாரம் கழித்துத் தைராய்டுக்கு ரத்தம் கொடுக்கும்போதே பி12-உம் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். உங்கள் மல்டிவிட்டமினில் கொஞ்சம் பி12 இருக்கும், அதனால் அளவு எல்லையில் வந்தாலும் மருத்துவர் அதைப் பொருட்படுத்த வேண்டும். ஊசியா மாத்திரையா, எவ்வளவு நாள் என்பது அவர் முடிவு.

இந்த இடத்தில் மெடிக்கலில் நரம்பு மாத்திரை என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பி12-ஓடு பி6-உம் சேர்ந்திருக்கும், சிலவற்றில் தாராளமாகவே. பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் போனால் அதுவே கால் மதமதப்பை உண்டாக்கும். மருந்தும் அதுவே, நோயும் அதுவே என்று ஆகிவிடும். ஃபோலிக் அமிலம் மட்டும் தனியாகப் போடுவதும் அப்படித்தான், ரத்தசோகை சரியானதுபோல் காட்டிவிட்டு உள்ளே நரம்பைக் கெட விடும்.

மீன் எண்ணெய் உங்களுக்குக் கெடுதல் செய்யாது, பெரிதாக நல்லதும் செய்யாது. அமெரிக்காவில் 25,871 பேரை ஐந்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த வைட்டல் ஆய்வில் தினம் ஒரு கிராம் மீன் எண்ணெயோ 2,000 யூனிட் விட்டமின் டி-யோ பெரிய இதய, ரத்தக்குழாய் பாதிப்புகளின் மொத்த எண்ணிக்கையையோ புற்றுநோயையோ குறைக்கவில்லை. 1,000 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் ஒமேகா-3 பெரும்பாலும் 300 மட்டுமே, மிச்சம் வேறு எண்ணெய். வாரம் இரண்டு நாள் கவலையோ மத்தியோ கானாங்கெளுத்தியோ குழம்பு வையுங்கள். முதுநகர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு அமெரிக்காவிலிருந்து டப்பாவில் மீன் எண்ணெய் வரவழைப்பது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. கருவாடு இந்தக் கணக்கில் சேராது, அதில் உப்பு அதிகம்.

மஞ்சள் கேப்ஸ்யூலை விட்டுவிடுங்கள். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றிப் பேசவில்லை. கேப்ஸ்யூலில் இருப்பது பிழிந்தெடுத்த குர்குமின், அது ரத்தத்தில் ஏற வேண்டும் என்று மிளகின் பிப்பரினையும் சேர்க்கிறார்கள். அந்தச் சேர்க்கையால் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்திருக்கிறது. 2019-ல் இத்தாலியில் வரிசையாகப் பலருக்கு வந்து அரசே எச்சரிக்கை விட்டது. அசதிக்கு அஸ்வகந்தா எடுக்கலாமா என்று அடுத்து யாராவது உங்களிடம் சொல்வார்கள். அதுவும் கல்லீரலைத் தொட்டிருக்கிறது, தைராய்டு அளவையும் கலைக்கும். உங்களுக்கு வேண்டாம்.

மல்டிவிட்டமினை, பரிசோதனைகள் முடிந்த பிறகு, மதியம் போட்டு டப்பாவைக் காலி செய்வதானால் செய்யுங்கள். மறுபடி வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. அமெரிக்க டப்பா என்பதால் அரசு சோதித்து விட்டது என்று அர்த்தமில்லை. அங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பாலான சத்து மாத்திரைகளை விற்பதற்கு முன் அரசின் ஒப்புதல் தேவையில்லை. யூ.எஸ்.பி. வெரிஃபைட் என்ற முத்திரை இருந்தால் லேபிளில் போட்டிருப்பது உள்ளேயும் இருக்கிறது என்று வெளியார் ஒருவர் சோதித்திருக்கிறார் என்று பொருள், உங்களுக்குத் தேவை என்று பொருளல்ல. நம் ஊரில் இவை பெரும்பாலும் மருந்துச் சட்டத்தில் வராது, உணவுச் சட்டத்தில் வரும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 14 இலக்க எண் இருக்கிறதா பாருங்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரியும் சின்ன எழுத்தில் இருக்கும். அந்த வரியை அச்சடித்துவிட்டு, சர்க்கரையைக் குணமாக்கும் என்று வாயால் சொல்லி விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

பக்கத்துத் தெருப் பெண்ணிடம் சண்டை வேண்டாம். சிறுநீரகப் பரிசோதனை முடியாமல் டாக்டர் புரோட்டீன் பவுடர் கூடாதென்றார் என்று என் பேரில் சொல்லிவிடுங்கள், அது உண்மையும்கூட. சர்க்கரைக்காரர் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பதும் பார்க்காமல் அதைத் தொடக்கூடாது. 2024-ல் கேரள மருத்துவர்கள் இந்தியாவில் விற்கும் 36 பவுடர்களைச் சோதித்தபோது ஏறக்குறைய எழுபது சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரதமும் உள்ளே இருந்த புரதமும் பொருந்தவில்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், ஓட்டை உடைத்தால் கண்ணுக்குத் தெரிகிறது. 2,800 ரூபாய்க்கு வீடு முழுக்க மாதம் பூராவும் முட்டையும் சுண்டலும் சாப்பிடலாம்.

மருமகளுக்கு உங்கள் டப்பாக்களில் எதுவும் வேண்டாம். சில மல்டிவிட்டமின்களில் ரெட்டினால் வடிவ விட்டமின் ஏ அதிகமாக இருக்கும், கருவுக்கு அது ஆகாது. மஞ்சள், மூலிகை கேப்ஸ்யூல்களும் கூடாது. அவளுக்கு இன்றே தொடங்க வேண்டியது ஃபோலிக் அமிலம் மட்டும், தினம் 400 மைக்ரோகிராம். குழந்தையின் முதுகுத்தண்டுக் குழல் கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடும், நாள் தள்ளிப்போகிறதே என்று சந்தேகம் வருவதற்கே அவ்வளவு நாளாகிவிடுகிறது. அதனால் கருத்தரித்த பிறகு தொடங்குவது தாமதம். சத்து மாத்திரைகளில் இவ்வளவு உறுதியான பலன் நிரூபிக்கப்பட்டது வேறு அதிகம் இல்லை, விலையும் மிகக் குறைவு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே வழிகாட்டுவார்கள். அவளுக்குச் சர்க்கரையோ வலிப்புக்கான மாத்திரையோ இருந்தால், அல்லது முதுகுத்தண்டுக் குறையுள்ள குழந்தை முன்பு பிறந்திருந்தால், 400 போதாது. அதை மகப்பேறு மருத்துவர்தான் எழுத வேண்டும்.